அடுப்படிக்கு வந்த கறுப்பு பீர்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கறுத்த பீர் முழுக்க முழுக்க ஆலைச் சரக்கு. மூட்டை சுமப்பவர்கள் விரும்பிக் குடித்த மலிவான பானம். மாதக்கணக்கில் மரத்தொட்டியில் கிடந்து பக்குவப்பட வேண்டும் என்பதால் பெரிய தொட்டி வைத்திருந்தவருக்கே லாபம். தொட்டிகள் வளர்ந்துகொண்டே போயின. 1814 அக்டோபர் 17 அன்று ஹார்ஸ் ஷூ ஆலையின் 22 அடி உயரத் தொட்டி வெடித்தது. பீர் வெள்ளம் பக்கத்து ஏழைக் குடியிருப்புக்குள் பாய்ந்ததில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

போர்ட்டரிலேயே வலுவானதற்கு ஸ்டௌட் என்று பெயர். அதிலும் கடுமையான ரகம் சதக் ஆங்கர் ஆலையிலிருந்து ரஷ்ய அரசி காதரீனின் அவைவரை கப்பலேறியது.

போர்ட்டரின் கறுப்பு நிறத்துக்குப் பின்னால் ஒரு கள்ளக் கணக்கு இருக்கிறது. தொடக்கத்தில் விறகுத் தீயில் காய்ந்த பழுப்பு மால்ட்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லிதான், நிறம் தந்தது. பிறகு சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வந்தது. அதே எடைக்கு வெளிர் மால்ட் கூடுதல் சர்க்கரை தருவதை அது காட்டிக்கொடுக்க, முதலாளிகள் வெளிர் மால்ட்டுக்குத் தாவினார்கள். சிக்கனம் வந்தது, நிறம் போனது. கருக்கிய சர்க்கரையைக் கலந்து ஈடுகட்டினார்கள். போதைக்காகக் காக்காய்க்கொல்லி விதையைப் போட்டவர்களும் உண்டு. நம் ஊரில் மீனை மயக்கிப் பிடிக்க ஆற்றில் கலந்த அதே விதைதான்! வேதியியலாளர் ஃபிரெடரிக் அக்கும் 1820இல் உணவுக் கலப்படம் பற்றி எழுதிய நூலில் இதையும் அம்பலப்படுத்தினார்.

மால்ட், கசப்புக்கான ஹாப்ஸ் பூ தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக்கூடாது என்று அதற்கு முன்பே, 1816இல், சட்டம் வந்திருந்தது. மறு ஆண்டே டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் உருளையில் சுழற்றி மால்ட்டைக் கருக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பிடியளவு கருமால்ட் ஒரு குடம் பீரையே கறுப்பாக்கிவிடும். இன்றைய ஸ்டௌட்டின் சுவை அங்கே பிறந்ததுதான்.

வரிக்காரர்கள் வீட்டையும் விடவில்லை. 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டுப் பீருக்கு வரி போட்டபோது, தன் குடும்பத்துக்காகக் காய்ச்சுபவரும் உரிமம் வாங்க வேண்டும் என்றானது. முதல் உலகப்போரில் தானியத்தை மிச்சம் பிடிக்க பீரின் வலுவைக் குறைத்தார்கள். லண்டன் போர்ட்டர் அதற்குப் பிறகு தேறவே இல்லை. அயர்லாந்தில் கின்னஸ் நிறுவனமும் 1973இல் தன் போர்ட்டரை நிறுத்திக்கொண்டது. பெரிய ஆலைகள் கைவிட்டதைச் சமையலறை எடுத்துக்கொண்டது.

பிரிட்டனில் அதற்கு வழிவிட்டவர் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங். 1963 பட்ஜெட்டில் வீட்டு உரிமத்தை அவர் ஒழித்தார்; விற்காதவரை வீட்டில் எவ்வளவும் காய்ச்சலாம். அப்போது கிளம்பிய குழுக்களில் டர்டன் பார்க் பீர் வட்டம் சுவாரசியமானது. மற்றவர்கள் டப்பாவில் வந்த மால்ட் பாகில் திருப்திப்பட்டபோது, இவர்கள் பழைய ஆலைகளின் கணக்கேடுகளைத் தோண்டினார்கள். நூற்றுக்கணக்கான பீப்பாய்களுக்கு எழுதிய அளவுகளை ஒரு கேலனுக்குச் சுருக்கினார்கள். பழுப்பு மால்ட் கடையில் கிடைக்காதபோது வெளிர் மால்ட்டைத் தட்டில் பரப்பி வீட்டு அவனிலேயே வறுத்தார்கள்.

முதல்முறை காய்ச்சுபவருக்குக் கறுப்பு பீர் கொஞ்சம் இரக்கம் காட்டும். கருகல் மணம் சின்னச் சின்னக் குறைகளை மறைத்துவிடும். வலுவான ரகமோ பொறுமையைச் சோதிக்கும். சர்க்கரை மிகுந்த சாற்றில் ஈஸ்ட் திணறும். ஈஸ்ட்டைத் தாராளமாகச் சேர்த்து, பீரைப் புட்டியில் அடைத்தபின் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு போனபின்னும் வீட்டு பீர் சட்டவிரோதமாகவே கிடந்தது. 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 கேலன்வரை வரியில்லாமல் காய்ச்ச வழிசெய்தது. கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் வீட்டு பீருக்கான சாமான்கள் விற்ற கென் கிராஸ்மன், 1980 நவம்பரில் தன் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கியபோது முதலில் காய்ச்சியது ஸ்டௌட்.

2012இல் ஒபாமாவின் வெள்ளை மாளிகை, தன் தோட்டத்துத் தேனை ஊற்றிக் காய்ச்சிய போர்ட்டரின் செய்முறையை நாட்டுக்கே வெளியிட்டது. அதை அப்படியே பார்த்துக் காய்ச்சியிருந்தால் அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் குற்றம். அந்த இரண்டு மாநிலங்களும் 2013இல்தான் வீட்டு பீரை அனுமதித்தன.