ஆளோலையும் படப்புத்தகமும்: கடலூர், சிதம்பரம் வட்டாரக் கதைகள் வழியே சிறுவரிடம் அடிமைமுறையைப் பேசுதல்

அடிமை என்ற சொல் தமிழ்ச் சிறுவரின் காதில் முதலில் விழுவது பெரும்பாலும் பக்தியின் வழியாகத்தான். இறைவனுக்கு அடிமை, அடியார்க்கு அடியார் என்று பெரியோர் பெருமையோடு சொல்லக் கேட்டு வளர்கிறது குழந்தை. மனிதனை மனிதன் ஓலை எழுதி வாங்கினான், விற்றான், ஈடு வைத்தான் என்ற செய்தி அதற்குப் பிற்பாடு, உயர்வகுப்பு வரலாற்றுப் பாடத்தில், எங்கோ தொலைதேசத்துக் கதையாக வந்து சேர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தக்கது படப்புத்தகம். சொல் இரு பொருளையும் ஒரே பொதியில் கட்டிவைக்கும்; படத்தால் அது முடியாது. ஓவியர் அடிமையை வரைய வேண்டுமானால் ஓர் உடலை வரைய வேண்டும். அது எங்கே நிற்கிறது, கையில் என்ன இருக்கிறது, யாரைப் பார்க்கிறது, யார் அதைப் பார்ப்பதில்லை என்பதையெல்லாம் முடிவு செய்தாக வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இதற்கான கதைகளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. எல்லாரும் அறிந்த இரண்டு கதைகள் போதும். அவற்றை வரைகிற முறைதான் மாற வேண்டும்.

முதலாவது சுந்தரர் கதை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிச் சிதம்பரமாகிய தில்லையில் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் பெரியபுராணம் இக்கதையோடுதான் அடியார் வரலாற்றைத் தொடங்குகிறது. நம்பியாரூரர் என்னும் சுந்தரரின் மணப்பந்தலுக்குள் ஒரு முதிய அந்தணர் நுழைகிறார். மணமகன் தமக்கு அடிமை என்கிறார். பாட்டனார் தம்மையும் தம் வழிவந்தோரையும் அடிமையாக எழுதிக்கொடுத்த ஆளோலையைக் காட்டுகிறார். அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாவது எங்கும் கேள்விப்படாத செய்தி என்று மணமகன் மறுக்கிறார். ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று முதியவர் வழக்கை அங்கே கொண்டுபோகிறார். ஊரவை கூடுகிறது. பாட்டனாரின் வேறு எழுத்தோடு ஓலையின் எழுத்து ஒப்பிடப்படுகிறது. தீர்ப்பு முதியவர் பக்கம் விழுகிறது. பிறகு அவர் கோயிலுக்குள் சென்று மறைய, வந்தவர் சிவபெருமான் என்று தெரிகிறது.

பக்திக் கதையாக மட்டும் இதைச் சொன்னால் கடைசிக் காட்சியின் ஒளியில் மற்றவை மங்கிவிடுகின்றன. ஆனால் சிறுவர் கண்ணுக்கு விருந்தானவை நடுக்காட்சிகள்: ஓலை, நகல், மூலம், கையெழுத்துச் சோதனை, சபை. ஒருவர் எழுதிய ஓலை பிறக்காத பேரனையும் கட்டுப்படுத்தும் என்பதை அந்தச் சபை ஐயமின்றி ஏற்கிறது. எழுத்து உண்மையா என்பதே அங்கு வழக்கு. இப்படி எழுதலாமா என்ற கேள்வி எழவேயில்லை. சேக்கிழார் காலத்துச் சமூகம் அறியாத ஒன்றை அவர் கற்பனை செய்யவில்லை. ஆட்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் விற்கப்பட்டதையும், பஞ்சத்தில் தம்மைத் தாமே விற்றுக்கொண்டதையும் சோழர் காலக் கல்வெட்டுகள் பதிந்துள்ளன. ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்ற நூலில் இத்தகைய சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். மணமகனின் மறுப்பிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது: அந்தணர் அடிமையாவது கேள்விப்படாதது என்றால், கேள்விப்பட்ட அடிமைகள் யார்? எட்டு வயதுக் குழந்தை இதைக் கேட்டுவிடும். அந்தக் கேள்விக்கு விடை இரண்டாம் கதையில் இருக்கிறது.

நந்தனார் கதைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. படப்புத்தகம் ஆக்குவோர் அவற்றைக் கலந்துவிடுவது வழக்கமான பிழை. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனார் கொள்ளிடக் கரை ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்பவர். தம் தொழிலுக்குரிய மானிய நிலத்தை நம்பி வாழ்ந்து, கோயில் முரசுக்குத் தோலும் வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் வழிபாட்டுக்குக் கோரோசனையும் கொடுப்பவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகிறது. அவர் போக முடியவில்லை. இந்த முரண்பாட்டை ஒரே படத்தில், ஒரு வாசலை மட்டும் வரைந்து காட்டிவிடலாம். சேக்கிழார் பாடலில் அவருக்கு முதலாளி யாரும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைதான் வேதியர் என்ற நிலக்கிழாரைக் கொண்டுவந்தது. அங்கே நந்தன் பண்ணையாள். தில்லைக்குப் போக ஆண்டையின் அனுமதி வேண்டும். நாற்பது வேலி நிலத்தின் வேலை முடிந்தால்தான் அனுமதி. ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு புலவர் பழங்கதைக்குள் பண்ணையடிமையைப் புகுத்தியதற்குக் காரணம், அவர் வாழ்ந்த காவிரிப் படுகையில் அது கண்முன்னே நடந்துகொண்டிருந்ததே. வரலாற்றுச் சான்றாக இந்தக் கீர்த்தனையின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

படம் சறுக்குவதும் இங்கேதான். நந்தனை வரைவோர் கை கூப்பி, கண் மூடி, பரவசத்தில் முகம் மலர வரைகிறார்கள். நாற்பது வேலியும் ஒரே பக்கத்தில் கதிராகி நிற்கிறது. அதை நடவேண்டியிருந்தவர்களின் முதுகு படத்தில் இல்லை. இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘எ ஃபைன் டெசர்ட்’ என்ற படப்புத்தகத்தில், 1810-ஆம் ஆண்டுச் சார்ல்ஸ்டன் நகரில் அடிமைத் தாயும் மகளும் இனிப்புச் செய்து, எஞ்சியதை அலமாரிக்குள் ஒளிந்து வழித்துண்கிறார்கள். முகத்தில் புன்னகை. அடிமைவாழ்வை இனிதாக்கிவிட்டது என்று கண்டனம் எழ, நூலாசிரியர் எமிலி ஜென்கின்ஸ் வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில், ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையற்காரர் ஹெர்குலிஸ் மகிழ்ச்சியோடு பிறந்தநாள் கேக் செய்வதாகக் காட்டிய நூலை ஸ்காலஸ்டிக் பதிப்பகம் விற்பனையிலிருந்தே திரும்பப் பெற்றது. அந்த ஹெர்குலிஸ் 1797-இல் தப்பி ஓடியவர். அடிமைப்பட்டோர் சிரிக்கவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சிரிப்பை மட்டும் வரைந்தால், அந்த வாழ்வை அவர்கள் விரும்பியதாகக் குழந்தை எடுத்துக்கொள்ளும் என்பதே கண்டனத்தின் சாரம். எலன் லெவின் எழுதி, காதிர் நெல்சன் வரைந்து, 2007-இல் வந்த ‘ஹென்றிஸ் ஃப்ரீடம் பாக்ஸ்’ வேறு வழியில் செல்கிறது. 1849-இல் மரப்பெட்டிக்குள் தன்னை அடைத்து அஞ்சலில் அனுப்பித் தப்பிய ஹென்றி பிரவுனின் கதை அது. அட்டையில் சிறுவன் ஹென்றி வாசகரை நேராகப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்கு வசனம் தேவைப்படவில்லை.

நந்தனின் கண்ணையும் ஒரு பக்கத்திலாவது திறந்து வரைய வேண்டும். ஆண்டையின் முகத்தையும் வரைய வேண்டும். கீர்த்தனையில் வேதியர் கடைசியில் நந்தன் காலில் விழுகிறார் என்பதற்காக, முதற்பாதியில் அவரை வேடிக்கைப் பாத்திரமாக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ. நந்தனார் தீக்குளியில் மூழ்கிப் பூணூலோடு வெளிவரும் காட்சியைப் பரிசு பெறும் காட்சிபோல் வரைவது, பிறந்த உடலோடு உள்ளே போக முடியாது என்ற விதியைக் குழந்தை ஒப்புக்கொள்ளும்படி செய்கிறது. கதையை மாற்றத் தேவையில்லை. மரபு இப்படிச் சொல்கிறது என்று சொல்லலாம். ஆனால் திருப்புன்கூரில் நந்தனார் இறைவனைக் காண நந்தி விலகியதையும் தில்லையில் மனிதர் விலகாததையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால், குழந்தையே ஒப்பிட்டுக்கொள்ளும்.

இரு கதைகளையும் வரலாற்று மண்ணில் ஊன்றுவதற்குச் சில செய்திகளைப் புத்தகம் தர வேண்டும். தென்னார்க்காட்டில் படியாள் என்று அழைக்கப்பட்டவர்கள் படி அளந்து தரும் தானியத்துக்கு உழைத்தவர்கள். பலரைக் கட்டிப்போட்டது கலியாணச் செலவுக்கு வாங்கிய கடன். கடன் தீராமல் மகனும் அதே வீட்டுக்கு ஆளானான். சுந்தரரின் மணத்தை ஆளோலை நிறுத்தியது. படியாளின் மணமே ஆளோலை ஆயிற்று. கடலோரத்துக்கு வேறொரு கதை. இன்று சிறுவர் விளையாடும் தேவனாம்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர் வணிகத் தலம் அமைத்திருந்தனர். 1690-இல் அங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை ஆக்கினர். அந்த நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் விற்கப்பட்ட மக்களை டச்சுக் கப்பல்கள் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிச் சென்றன. துணியும் மனிதரும் ஒரே கரையிலிருந்து கப்பலேறியதை வரைய ஓவியருக்கு இரண்டு பக்கம் போதும்.

வகுப்பறையில் இந்நூல்களைக் கையாள்வது தனிக் கவனம் கேட்கும் வேலை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து வகுப்பு ஒன்றில் பண்ணையாள் வழிவந்த குழந்தையும் நிலக்கிழார் வழிவந்த குழந்தையும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கக்கூடும். நந்தனாக நடிக்க யாரையாவது எழுப்பிவிடுவது கொடுமை. எந்தக் குழந்தையைத் தேர்ந்தாலும் அது பெயராக ஒட்டிக்கொள்ளும். வாசகத்தைப் படிக்கும் முன் படத்தைக் காட்டிச் சற்று நேரம் பேசாமல் இருப்பதே ஆசிரியர் செய்யத்தக்க முதற்காரியம். இந்தப் படத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், நெல் யார் கையில், அளக்கும் படி யார் கையில் என்ற எளிய கேள்விகள் போதும். “எங்க தாத்தாவும் அப்படித்தான் இருந்தாராம்” என்று ஒரு குழந்தை சொன்னால், அந்தப் பேச்சு முடியும்வரை பக்கத்தைப் புரட்டக் கூடாது. ஆறேழு வயதில் வாசலும் படியும் போதும். ஓலையும் வழக்கும் ஒன்பது பத்து வயதுக்கு. தீயைப் பற்றிய விவாதம் அதற்கும் பிறகு. சவுக்கடியை வரைந்து அச்சுறுத்துவதால் பயனில்லை. அஞ்சிய குழந்தை கேள்வி கேட்காது.

கதை அடிமைத்தனத்தோடு முடிந்தாலும் தவறு. எதிர்த்தவர்களும் இம்மண்ணில் இருந்திருக்கிறார்கள். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு நந்தனார் பெயரையே வைத்தார். தீக்குள் போனதாகச் சொல்லப்படும் ஒருவரின் பெயரைத் தாங்கிய வாசலுக்குள் பிள்ளைகள் சிலேட்டோடு நுழைந்தது, படப்புத்தகம் ஒன்றின் நடுப்பக்கமாக விரியத் தக்க காட்சி. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் பிறந்த லா. இளையபெருமாள் தலைமையிலான குழு 1969-இல் தீண்டாமை பற்றி நாடு முழுவதற்குமான அறிக்கையைத் தந்தது.

சட்டமும் படமாகலாம். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடும் வழக்கை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்றது; திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு எழாத கேள்விக்கு அது ஒரு விடை. ஆனால் ஓலை போன இடத்தில் முன்பணம் வந்து உட்கார்ந்தது. தமிழகத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலுமிருந்து மீட்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பங்களில் இருளர் மிகுதி. பிச்சாவரம், கிள்ளைப் பகுதியில் அவர்களின் குழந்தைகள் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இது பழங்கதை அன்று. ஆகவே இத்தகைய படப்புத்தகம் எதுவாயினும் அதன் கடைசிப் பக்கத்தில், குழந்தை வீட்டில் உரக்கப் படித்துக்காட்டும்படி பெரிய எழுத்தில், ஒரு செய்தி இடம்பெற வேண்டும்: 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணம் கொடுத்து ஒருவரைக் கட்டிவைத்து வேலை வாங்குவது மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம், அந்தக் கடனை அவரோ அவர் பிள்ளைகளோ திருப்பித் தர வேண்டியதில்லை.