கே. ரகோத்தமன்

கே. ரகோத்தமன் (இறப்பு: மே 12, 2021, சென்னை) இந்தியாவின் நடுவண் புலனாய்வுச் செயலகத்தில் (சிபிஐ) பணியாற்றிய அதிகாரி ஆவார். ராஜீவ் காந்தி கொலை வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரியாக இருந்தவர். பணி ஓய்வுக்குப் பின்னர் நூலாசிரியராகவும், தமிழ்த் தொலைக்காட்சி விவாதங்களில் குற்றப் புலனாய்வு குறித்துக் கருத்துரைக்கும் வல்லுநராகவும் அறியப்பட்டார். தாம் புலனாய்ந்த வழக்கிலேயே விடை காணப்படாதவை உள்ளன என்று வெளிப்படையாகக் கூறியவர் என்பதால் இவரது கூற்றுகள் பெரிதும் கவனிக்கப்பட்டன.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு

மே 21, 1991 அன்று இரவு திருப்பெரும்புதூரில் நடந்த தேர்தல் கூட்டத்தில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். மூன்று நாட்களில் டி. ஆர். கார்த்திகேயன் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் கிடைத்த தடயங்களுள் முதன்மையானது, குண்டுவெடிப்பில் இறந்த அரிபாபு என்ற ஒளிப்படக் கலைஞரின் கேமரா ஆகும். சிதையாமல் கிடைத்த அக்கருவியில் இருந்த 10 படங்களில், மாலையுடன் நின்ற தாணுவும், செய்தியாளரைப் போல வெள்ளைக் குர்தா அணிந்து நின்ற சிவராசனும் பதிவாகியிருந்தனர். சிவராசன் ஆகஸ்ட் 1991 இல் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் முற்றுகையிடப்பட்ட வீட்டில் இறந்தார்.

மே 20, 1992 அன்று 41 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அவர்களுள் 12 பேர் அதற்குள் இறந்திருந்தனர். மூவர் தலைமறைவாக இருந்தனர். எஞ்சிய 26 பேருக்கும் ஜனவரி 28, 1998 அன்று தடா நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. மே 11, 1999 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்குத் தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, ஏனைய 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

ஓய்வுக்குப் பின்

குழுவின் தலைவரான கார்த்திகேயன், ராதாவினோத் ராஜுவுடன் இணைந்து 2004 இல் இவ்வழக்கைப் பற்றி ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். 'வாய்மையின் வெற்றி' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது அந்நூல். ரகோத்தமன் எழுதிய 'ராஜிவ் கொலை வழக்கு' (கிழக்கு பதிப்பகம், 2009) அதே புலனாய்வை வேறு கோணத்தில் காட்டுகிறது. சதியைத் தீட்டி நிறைவேற்றியது விடுதலைப் புலிகள் என்ற முடிவில் இவருக்கு ஐயம் இல்லை. எனினும், சில அரசியல் தொடர்புகள் முழுமையாக விசாரிக்கப்படவில்லை என்பது இவரது குறை.

2012 இல் வெளிவந்த இவரது ஆங்கில நூல் மேலும் பரபரப்பை உண்டாக்கியது. கூட்ட இடத்தில் எடுக்கப்பட்ட ஒளிக்காட்சி நாடா ஒன்று புலனாய்வுக் குழுவிடம் ஒப்படைக்கப்படவில்லை என்றும், அப்போதைய உளவுத் துறை இயக்குநர் எம். கே. நாராயணன் அதனை மறைத்தார் என்றும் அந்நூலில் குற்றஞ்சாட்டினார். இக்குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இவற்றைவிட வழக்கை நேரடியாகத் தொட்டது, ஒரு தமிழ் வார இதழ் நேர்காணலில் இவர் கூறிய செய்தி: தாணு அணிந்திருந்த இடைவார்க் குண்டைச் செய்தவர் யார் என்பது கண்டுபிடிக்கப்படவில்லை. 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கிக் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளனின் தரப்பினர், தம் முறையீடுகளில் இக்கூற்றை எடுத்துக்காட்டினர். பேரறிவாளனின் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மற்றொரு சிபிஐ அதிகாரி வி. தியாகராசனும் ஓய்வுக்குப் பின், 2013 இல், மின்கலங்கள் எதற்கு என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகத் தெரிவித்தார். காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக இந்தியச் சட்டப்படி சான்றாகாது. தடா சட்டத்தின் 15 ஆம் பிரிவு கண்காணிப்பாளர் நிலை அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. எனவே, எழுதப்படாத ஒரு வரிக்கும் இங்கு உயிரின் விலை இருந்தது.

பிற்கால நிகழ்வுகள்

ரகோத்தமன் கோவிட்-19 நோய்த்தொற்றால் இறந்தார். பேரறிவாளனை மே 18, 2022 அன்றும், ஏனைய அறுவரை நவம்பர் 11, 2022 அன்றும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அறுவருள் ஒருவரான இரவிச்சந்திரன் நெடுங்காலம் மதுரை நடுவண் சிறையில் இருந்தவர். 2025 இல் சோனி லிவ் வெளியிட்ட 'தி ஹன்ட்' தொடரில் ரகோத்தமனாகப் பகவதி பெருமாள் நடித்தார்.