நொட்டை வந்த வழி

அச்சுவேலிச் சந்தையில் ஆச்சி ஒருத்தி கத்தரிக்காயைக் காம்பில் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். “உது முத்தலெல்லே தம்பி!” வாங்கத்தான் போகிறார், ஆனாலும் ஒரு நொட்டை சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்க்க மாட்டார். இந்த நொட்டைக்கென்றே கிரேக்கர் ஒரு தெய்வத்தை வைத்திருந்தார்கள். பெயர் மோமஸ்.

கி.மு. 700 அளவில் கிரேக்கக் கவிஞர் எசியோட் பாடிய வம்சாவளியில் அவன் இரவின் பிள்ளை. ஈசாப் கதைகளில்தான் அவனுக்கு வாய் திறந்தது. தேவர்கள் காளையைப் படைத்தார்கள். எங்கே முட்டுகிறோம் என்று அது பார்க்க முடியவில்லையே என்றான். மனிதனைப் படைத்தார்கள், உள்ளே நினைப்பது தெரிய நெஞ்சில் ஒரு யன்னல் இல்லையே என்றான். வீட்டைக் கட்டினார்கள், அயலவர் கூடாதவரானால் உருட்டிக்கொண்டு போகச் சில்லு எங்கே என்றான். வேலிச் சண்டையில் தலைமுறை கழித்த நம்மவர் இதை உடனே ஒப்புக்கொள்வர். தேவலோகத்திலிருந்து அவனைத் துரத்திவிட்டார்கள்.

துரத்தப்பட்டவன் ஊர் ஊராகப் போனான். இத்தாலியின் அல்பெர்ட்டி 15ஆம் நூற்றாண்டில் அவனை இலத்தீன் கதையாக்கினார். 1520இல் உரோமாபுரியில் இரண்டு அச்சகங்கள் போட்டியாக அதை வெளியிட்டன. இன்று பிரேசிலின் ரியோ களியாட்டத்தில் அவனே ‘மோமோ’ ராசா.

தமிழுக்கு இந்தச் சரக்கு வெளியிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை. நேரே திட்டுவது செம்பொருள் அங்கதம், மறைத்துக் குத்துவது பழிகரப்பு என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. அன்று யாழ்ப்பாணத்தில் இல்லாதது அச்சு. 1820இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் அச்சுக்காரர் காரெற்றை ஆங்கில அரசு தங்கவிடவில்லை. அவர் பம்பாய்க்குப் போய்விட்டார். 19ஆம் நூற்றாண்டில் நட்டுவச் சுப்பையனார் பாடிய அங்கத நூலான ‘கனகி புராணம்’ முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. இந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை, 1849இல் ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் என்று வந்தபின் கண்டனப் பிரசுரங்கள் பறந்தன.

பிறகு அதே பம்பாயில் படித்துத் திரும்பிய கரவெட்டிச் சிவஞானசுந்தரம், ‘சுந்தர்’ என்ற பெயரில் 1960களில் கொழும்பில் ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழைத் தொடங்கி, பின்னர் அதை யாழ்ப்பாணத்துக்கே கொண்டுவந்தார். அவரது கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித்தம்பர் ஊரைக் குத்திக்காட்டியதில் ஊரே சிரித்தது. பழைய இதழ்கள் ‘நூலகம்’ இணையத்தளத்தில் கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒன்றையாவது எடுத்துக் காட்டுங்கள்.