முகத்தோல் உரித்தல்: நேர்வாளம் முதல் லேசர் வரை

பழைய தோலை உரித்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புதுத்தோல் வளரும், வடுவும் சுருக்கமும் மறையும் என்ற எண்ணம் மிகப் பழையது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்ஸ் ஏட்டில் வெண்கல் பொடியும் உப்பும் தேனும் கலந்த முகப்பூச்சு சொல்லப்பட்டிருக்கிறது. நம்ம வீட்டுப் பெண்கள் கடலைமாவும் பயத்தமாவும் தேய்த்ததும் இந்த வகைதான். இவை மேலோட்டமான அழுக்கையும் இறந்த தோலையும் எடுக்குமே தவிர, பெரியம்மை போட்ட குழியை ஒன்றும் செய்யாது.

ஆழமாகப் போகும் வழியை ஜெர்மானியர் தேடினர். ஹாம்பர்க் நகர மருத்துவர் உன்னா 1882-இல் சாலிசிலிக் அமிலம், கார்பாலிக் அமிலம் முதலியவற்றால் தோல் உரியும் விதத்தை எழுதினார். 1905-இல் குரோமயர் என்பவர் சுழலும் கருவியால் வடுவைத் தேய்த்தெடுத்தார். 1953-இல் அமெரிக்க மருத்துவர் கர்ட்டின், தோலைக் குளிரால் விறைக்க வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்க்கும் முறையை வெளியிட்டார்.

இந்த வரலாற்றில் நம்ம ஊர்ச் சரக்கு ஒன்றும் உண்டு. அதுதான் நேர்வாளம்! நாட்டுமருந்துக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், ‘ஐயா, அது கடும் பேதி மருந்து, சுத்தி செய்யாம தொடக்கூடாது’ என்பார். அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்புளிக்கும். கார்பாலிக் அமிலத்தோடு அந்த எண்ணெயைச் சில துளி கலந்து, மருத்துவப் பட்டம் இல்லாத அழகுக்காரர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இரகசியமாக முகம் உரித்து வந்தனர். 1960-களின் தொடக்கத்தில் பேக்கர் என்ற அறுவை மருத்துவர் அந்தக் கலவையின் அளவைப் பகிரங்கமாக வெளியிட்டார். ஆழம் கார்பாலிக் அமிலத்தால்தான் வருகிறது என்றே பல்லாண்டு நம்பினார்கள். 2000-இல்தான் ஹெட்டர் என்பவர், நேர்வாள எண்ணெயின் அளவே ஆழத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று காட்டினார். சரக்கு எடைபோடும் நமக்கு இது புதிதல்ல. மருந்துக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் நிறுவையில்தானே இருக்கிறது.

அடுத்து வந்தது லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்த குமார் பட்டேல், 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன்-டை-ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தார். அந்த ஒளியைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சி ஆவியாகிறது. அதனால் மெல்லிய படலமாகத் தோலை எடுக்க முடிகிறது. 1990-களில் இது முகத்துக்குப் பரவியது. 2004-இல் தோல் முழுவதையும் எரிக்காமல் நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைக்கும் முறை வந்தது. நல்ல தோல் பக்கத்திலேயே இருப்பதால் புண் சீக்கிரம் ஆறுகிறது.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் பழகிய வித்தைகள். ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்த தோல்வகைப் பட்டியலே முதலில் வெள்ளையரை மட்டும் கொண்டது. பழுப்புத் தோலும் கருந்தோலும் பிறகுதான் சேர்க்கப்பட்டன. நம் தோலில் நிறமி சுறுசுறுப்பானது. கொஞ்சம் அதிகம் சூடுபட்டாலோ அமிலம் ஆழமாக இறங்கினாலோ, வடு போன இடத்தில் மாதக்கணக்கில் கரும்படை நிற்கும். சில சமயம் வெளுத்தும் போகும். கார்பாலிக் அமிலம் உடம்பில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஒழிந்தது. இப்போது பருக்குழிக்கும் நிறத்துக்கும்தான் ஆட்கள் போகிறார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெண்ணை அழகுநிலையத்துக்கு அனுப்பி ‘உரித்து விடுங்க’ என்பது நம் குடும்பங்களிலும் நடக்கிறது. தோல் மருத்துவரிடம் போங்கள். நம்மைப் போன்ற நிறத்தவருக்குச் செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். முதலில் காதோரம் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பல வாரம் வெயில் படாமல் காக்க வேண்டும்.

வடு இருப்பவர் அதைப் போக்க நினைப்பதில் தவறில்லை. ஆனால் கருப்பு வடு அல்ல. அதை உரிக்க வேண்டியதில்லை.