நரம்பியல் நோயுற்ற முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பு

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதிநோய் முதலிய மூளை, நரம்பு சார்ந்த நோய்களுக்கு ஆளான முதியோருக்கு அவர்கள் வாழும் வீட்டிலேயே கிடைக்கும் மருத்துவ, செவிலிய, இயன்முறை உதவியும் அன்றாடப் பணிவிடையும் சேர்ந்ததே இப்பராமரிப்பு. நோயைக் கண்டறிவதும் மருந்தைத் தீர்மானிப்பதும் மருத்துவமனையில் சில நாளில் முடிந்துவிடும். அதன் பிறகான ஆண்டுகள் வீட்டில்தான் கழிகின்றன. பார்க்கின்சன் நோயோடு இருபது ஆண்டு வாழ்ந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இவ்வேலையின் பெரும்பங்கை மனைவியோ மகளோ மருமகளோ செய்கிறார். வசதியுள்ள வீடுகளில் 12 மணி நேர, 24 மணி நேர முறையில் ‘அட்டெண்டர்’ வைத்துக்கொள்கிறார்கள்.

நோய்க்கு நோய் வீட்டின் வேலை மாறுகிறது. பக்கவாதம் முன்னறிவிப்பின்றி வருகிறது. ஒரு வாரத்துக்குமுன் கடைக்குப் போய்வந்தவர் ஸ்ட்ரெச்சரில் வீடு திரும்புகிறார். இழந்த அசைவில் பெரும்பகுதி முதல் சில மாதங்களில்தான் மீள்கிறது என்பதால், குடும்பம் கற்றுக்கொள்ள அவகாசமே இல்லாத அந்தக் காலம்தான் பயிற்சிக்கு மிக முக்கியமான காலமும் ஆகிறது. பார்க்கின்சன் நோய் மெல்ல வளர்கிறது. மறதிநோயில் உடல் திடமாக இருக்கும்போதே துணை தேவைப்படுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

தூக்குதலும் புரட்டுதலும்

பக்கவாதத்தில் செயலிழந்த கையின் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தொடக்கத்தில் தளர்ந்து கிடக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலோ, இருவர் இருபுறமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ மூட்டு தன் குழியிலிருந்து இறங்கக்கூடும். அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். வலிக்குப் பயந்து நோயாளி பயிற்சிக்கு மறுப்பார். பயிற்சி இல்லாத கை இறுகிப்போகும். அக்கறையோடு செய்யும் தீங்குகளில் எளிதில் தவிர்க்கக்கூடியது இதுதான். படுத்திருப்பவரை ஒருக்களிக்கச் செய்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, தோள்பட்டை எலும்பின் பின்புறம் தாங்கி உட்காரவைக்க வேண்டும். எழுந்து நிற்கும்போது இடுப்பில் கட்டிய அகலமான துணிப்பட்டையைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பானது. கட்டிலின் உயரம் பராமரிப்பவரின் முதுகையும் காக்கும். தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்த வீடுகளில் நோயாளிக்கு முன்பே பணிவிடை செய்பவரின் இடுப்பு விட்டுப்போவதுண்டு.

படுக்கைப்புண் அழுத்தத்தால் வருகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகியவை முதலில் பாதிக்கப்படும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது நெடுநாளைய நடைமுறை. ‘ஏர் பெட்’ எனப்படும் காற்று மெத்தை உதவும். ஆனால் அதை வாங்கிப் போட்ட தைரியத்தில் புரட்டுவதை விட்டுவிட முடியாது. தோல் சிவந்தால் கவனிக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. மாநிறமும் கறுப்புமான தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும், ரப்பர் வளையத்தின்மேல் உட்காரவைப்பதும் புண்ணைக் கூட்டவே செய்யும்.

குளியலறையின் ஈரத்தரையும் குத்தவைத்து உட்காரும் கழிப்பறையும் விழுவதற்கு ஏற்ற இடங்கள். கைப்பிடிக் கம்பி, கமோடு நாற்காலி இரண்டும் பெரிய செலவில்லாத மாற்றங்கள். உட்புறத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவதற்குச் செலவே இல்லை.

விழுங்குதல்

பக்கவாதத்திலும் முற்றிய பார்க்கின்சன் நோயிலும் மறதிநோயிலும் விழுங்கும் தசைகளின் ஒழுங்கு குலைகிறது. உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சலை உண்டாக்குகிறது. இந்நோயாளிகளின் மரணத்துக்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று. கெட்டியான உணவுதான் ஆபத்து, தண்ணீர் எளிது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. தண்ணீர் வேகமாக ஓடுவதால், மந்தமான தொண்டை மூடிக்கொள்வதற்குள் தவறான வழியில் போய்விடுகிறது. நீரும் பருக்கையும் கலந்த ரசம் சாதம் இன்னும் சிக்கலானது. குழைய மசித்த பருப்பு சாதம், கெட்டியான கஞ்சி, தயிரில் மசித்த இட்லி போன்ற ஒரே பதமான உணவு பலருக்கு ஒத்துவரும். யாருக்கு எந்தப் பதம் என்பதைப் பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் பார்த்துச் சொல்வதே முறை.

தம்ளரில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் இங்கே ஆகாது. தலை பின்னால் சாயும்போது மூச்சுப்பாதை திறந்து நிற்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டில் தம்ளரை வைத்து, சிறு சிறு வாயாகக் குடிக்க வேண்டும். தாடையைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது பலருக்கு உதவும். படுத்தவாறே வாயில் ஊற்றுவது கூடாது. சாப்பிட்ட பின்னும் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இருமல் வரவில்லை என்பதால் எல்லாம் சரியாக இறங்கியது என்று முடிவுகட்ட முடியாது. சிலருக்கு இருமும் உணர்வே மழுங்கியிருக்கும். சாப்பிட்டதும் குரல் கரகரப்பதும் அடிக்கடி காய்ச்சல் வருவதும்தான் அறிகுறிகள். பல் விளக்கிவிடுவதை ஒப்பனை வேலையாகக் கருதி விட்டுவிடுகிறார்கள். வாயில் பெருகும் கிருமிகளே நுரையீரலுக்கும் போகின்றன என்பதால் அதுவும் மருத்துவம்தான்.

மூக்குக் குழாய் வைத்து அனுப்பப்பட்டவருக்குத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி உணவு செலுத்தி, பிறகு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். மெதுவாகக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்ட மாத்திரைகளைப் பொடித்துப் போடக்கூடாது.

மாத்திரையும் கடிகாரமும்

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா 1960களில் புழக்கத்துக்கு வந்தது. இன்றும் முதன்மை மருந்து அதுவே. நோய் முற்ற முற்ற ஒவ்வொரு வேளை மாத்திரையின் பலனும் குறுகிக்கொண்டே வரும். மாத்திரை வேலை செய்யும்போது தானே நடந்து போகிறவர், அதன் வீரியம் தீர்ந்ததும் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிப்பார். காலையில் நன்றாக இருந்தவர் மதியம் வேண்டுமென்றே அடம்பிடிக்கிறார் என்று குடும்பத்தார் கோபப்படுவது இதனால்தான். வேளை அரைமணி தள்ளிப்போனாலும் சிலருக்குத் தெரிந்துவிடும். புரதம் இம்மருந்து உடலில் சேர்வதோடு போட்டியிடுகிறது. எனவே சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ ஒருமணி நேரம் கழித்தோ விழுங்கச் சொல்வார்கள். பாலோடு கொடுப்பது சரியல்ல. இரும்புச்சத்து மாத்திரையையும் இடைவெளி விட்டே கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் இந்நோயின் பகுதி. அதைக் கவனிக்காமல் விட்டால் மருந்தின் பலனும் தாமதப்படும்.

மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே தீங்காகலாம். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடும் மனக்குழப்பத்துக்குத் தரப்படும் ஹாலோபெரிடாலும் பார்க்கின்சன் நோயை மோசமாக்குகின்றன. வேறு காரணத்துக்காக அவசரப் பிரிவுக்குப் போகும்போது இதைச் சொல்ல வேண்டியவர் கூடப்போகிறவர்தான். பூனைக்காலி விதையில் லெவோடோப்பா இயற்கையாகவே உள்ளது. அதைப் பொடியாகச் சாப்பிடுவோர் மருத்துவரிடம் மறைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் நிலை வாசற்படியிலும் திரும்பும் இடத்திலும் அதிகம் நேர்கிறது. அப்போது இழுத்தால் விழுவார். தரையில் வண்ண நாடாவைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டி அவற்றைத் தாண்டச் சொல்வதும் ஒன்று, இரண்டு என எண்ணுவதும் பலருக்குக் காலை விடுவிக்கின்றன.

மறதிநோயும் திடீர் மாற்றங்களும்

இறந்துபோன அம்மா எங்கே என்று கேட்பவரிடம் ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைச் சொல்வதில் பயனில்லை. அவர் அதை முதல்முறை கேட்பவராகவே அழுவார். அம்மாவைப் பற்றிப் பேசவைத்துத் திசைதிருப்புவது நல்லது. அந்தி சாயும் நேரத்தில் பதற்றம் கூடும். வெளியே போய்விடக்கூடியவரின் சட்டைப்பையில் தொலைபேசி எண் இருக்கட்டும்.

மறதிநோய் மாதங்களில், ஆண்டுகளில் வளர்வது. ஓரிரு நாளில் ஒருவர் மந்தமானாலோ தாறுமாறாக நடந்துகொண்டாலோ அதை நோயின் தலையில் போடக்கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நுரையீரல் காய்ச்சல், சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றைத் தேட வேண்டும். முகம் கோணினாலோ ஒரு கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான வழக்கமான கால எல்லை நாலரை மணி நேரம். வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பலனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

குடும்பத்தால் எவ்வளவு முடியும்

இயன்முறை மருத்துவர் கிடைக்காத ஊரில் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்தால் என்ன என்ற கேள்வி இந்தியாவில் நேரடியாகவே சோதிக்கப்பட்டது. 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வின் முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குடும்பம் பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 47 சதவீதத்தினர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். பாசமும் சில மணி நேரப் பயிற்சியும் நிபுணரின் இடத்தை நிரப்பிவிடும் என்று திட்டமிடுவோருக்கு இது கசப்பான முடிவு. கோவாவில் மறதிநோயாளிகளின் 81 குடும்பங்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்கு வந்து பேசியபோது, பராமரிப்பவரின் மனநலம் தேறியது. நோயாளியின் நடத்தையில் அவ்வளவு தெளிவான மாற்றம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்கு வரும் உதவியின் முதல் பயனாளி படுக்கையில் இருப்பவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர் என்று கொள்ளலாம்.

அமைப்புகள்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் வி. எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அத்துறைக்கு அதுவே தொடக்கம். கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய வலி, நோய்த்தணிப்புச் சங்கத்திலிருந்து வளர்ந்த கேரள இயக்கம், புற்றுநோயாளிகளைத் தாண்டிப் பக்கவாதத்தில் படுத்தவர்களின் வீட்டுக்கும் தன்னார்வலர்களை அனுப்புகிறது. மறதிநோய்க்கான இந்திய அமைப்பும் 1992இல் கேரளத்தில்தான் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புச் சேவையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

தனியார் முகமைகள் அனுப்பும் அட்டெண்டர்களில் பலர் செவிலியம் படித்தவர்கள் அல்லர். குழாய் மாற்றுவதையோ புண்ணுக்கு மருந்திடுவதையோ அவர்களிடம் விடுவதற்குமுன் கேட்டறிவது அவசியம். அவர்களுடைய சம்பளம் பொதுவாக மருத்துவக் காப்பீட்டில் அடங்குவதில்லை.

சட்டமும் இறுதிக் கட்டமும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன் நோய் உண்டு. மறதிநோய் தனிப்பெயராக இடம்பெறவில்லை. முற்றிய மறதிநோயில் குழாய்வழி உணவு ஆயுளை நீட்டுவதாகச் சான்று இல்லை. முடிந்தவரை கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சான்றொப்பம் பெற்றால் போதும் என்றானது. மறதிநோயாளியைப் பொறுத்தவரை அந்த ஆவணம், அவர் தெளிவாக முடிவெடுக்கக்கூடிய தொடக்கக் கட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.