பூசணித் திருடனும் போலீஸ் புத்தகமும்

நாயுடுபேட்டையில் எங்கள் வீட்டுக்குள் தமிழ். வாசற்படி தாண்டினால் தெலுங்கு. திருடனைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்கள் பாட்டி இரண்டையும் கலந்துதான் பேசுவாள். எதையாவது செய்துவிட்டு முழிக்கிற பிள்ளையைப் பார்த்தால், 'கும்மடிகாயல தொங்க அண்டே புஜாலு தடுமுகுன்னட்டு' என்பாள்.

அதன் கதை ரொம்பச் சின்னது. தோட்டத்தில் பூசணிக்காய் களவு போய்விட்டது. ஊர் கூடியது. யார் எடுத்தது என்று எவருக்கும் தெரியவில்லை. பூசணித் திருடன் யாரென்று தெரியும் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். உடனே கூட்டத்தில் ஒருவன் தன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டான். முற்றிய சாம்பல் பூசணியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் இது முழுதாகப் புரியும். காயின் மேல் விபூதி பூசியது போல வெள்ளைப் பொடி படிந்திருக்கும். சட்டையில்லாத தோளில் வைத்துச் சுமந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அடி இல்லை, உதை இல்லை. அவன் கையே அவனைக் காட்டிக்கொடுத்தது.

தேள் கொட்டிய திருடனைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். இருட்டில் பானைக்குள் கை விட்டவன் கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. 'தொங்கலு படின ஆறு நெலலகு குக்கலு மொரிகினட்டு' என்பது இன்னொன்று: திருடர்கள் வந்துபோய் ஆறு மாதம் கழித்து நாய்கள் குரைத்தனவாம். உள்ளாளே எடுத்தால் ஈஸ்வரனாலும் பிடிக்க முடியாது என்பது மூன்றாவது. ஊர்க்காவலில் எங்கே ஓட்டை என்பது நம் ஜனங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்த மாதிரிப் பழமொழிகளை வெள்ளைக்காரர்கள் மும்முரமாகச் சேகரித்தது விக்டோரியா மகாராணி காலத்தில். கேப்டன் கார் தெலுங்குப் பழமொழித் தொகுப்பை 1868இல் சென்னையில் வெளியிட்டார். பெர்சிவல் பாதிரியாரின் தமிழ்த் தொகுப்பு 1842இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் வளர்ந்தது. 1897இல் ஜென்சன் பாதிரியார் தம் பங்குக்கு ஒன்று போட்டார்.

அதே ஆண்டுகளில் சர்க்கார் வேறொரு கணக்கும் எழுதிக்கொண்டிருந்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்குப் புதுப் போலீஸ் சட்டம் வந்தது. 1862 ஜனவரி முதல் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை தலையாரியும் கிராம முன்சீபும் பார்த்துவந்த சில்லறைத் திருட்டெல்லாம் மெல்ல மெல்லப் போலீஸ் ரிக்கார்டுக்குள் போயின. பழைய முறையை நான் புகழ மாட்டேன். 1816ஆம் ஆண்டு விதிகளின்படி, சின்னக் குற்றத்துக்குக் கிராமத் தலைவர் ஒருவரைத் தொழுமரத்தில் மாட்டலாம். ஆனால் அந்தத் தண்டனை தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான்.

1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். நெல்லூர்ச் சீமையும் தப்பவில்லை. தானியத்துக்குக் கை நீட்டியவர்களால் மாகாணத்துச் சிறைகள் நிரம்பி வழிந்தன. உப்பு விற்றுப் பிழைத்தவர்களுக்கும் அப்போதுதான் சோறு போனது. தமிழில் குறவர், தெலுங்கில் எருகுலா என்று அழைக்கப்படும் ஜனங்கள் கடற்கரை உப்பைக் கழுதையிலும் மாட்டிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றி வந்தவர்கள். உப்பு ஏற்கெனவே சர்க்கார் கையில் இருந்தது. ரயில் வந்ததும் பொதிமாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நாடோடியாக அலைந்தவன் போலீஸ் கண்ணுக்குச் சந்தேகப்புள்ளி ஆனான்.

1892இல் சென்னைப் போலீஸ் அதிகாரி முல்லாலி, மாகாணத்துக் 'குற்ற வகுப்பினர்' பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எந்தச் சாதியார் எப்படி உடுப்பார்கள், எப்படிக் கன்னம் வைப்பார்கள் என்று இனம் இனமாகப் பட்டியல் போட்டார். கன்னம் என்றால், கன்னக்கோலால் மண்சுவரைத் துளைத்து உள்ளே நுழைவது. உள்ளே யாராவது உலக்கையோடு காத்திருக்கிறார்களா என்று பார்க்க, முதலில் ஒரு சட்டியைக் கோலில் கவிழ்த்துத் துளைக்குள் நீட்டுவார்களாம். பாட்டி இதைச் சொல்லும்போது வீடே சிரிக்கும். அந்தக் கதையில் திருடனுக்குச் சாதி கிடையாது. முல்லாலி புத்தகத்திலோ முதலில் சாதி, பிறகுதான் திருட்டு.

வடக்கே 1871இலேயே வந்திருந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை, வருகைப் பதிவு, குடியிருப்பு முகாம். எங்கள் ஊர் வழியாகப் போகிற அதே கல்கத்தா டிரங்க் ரோட்டில் நெல்லூர் தாண்டினால் வருகிற காவலியில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் ஒரு முகாமை நடத்தியது. பாபட்லா பக்கத்து ஸ்டூவர்ட்புரத்தை சால்வேஷன் ஆர்மி நடத்தியது. அந்த முகாம்களில் பிறந்த குழந்தை பூசணிக்காயைத் தொடுவதற்கு முன்பே திருடன். தோளைத் தட்டிப் பார்க்கிற வாய்ப்புகூட அதற்கு இல்லை.

பழமொழி முழுக்க நியாயமானது என்று நான் சொல்லவில்லை. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிற பழமொழிகளும் நம்மிடம் ஏராளம். ஆனாலும் பூசணித் திருடனைப் பார்த்து ஊர் சிரித்தது ஒரு மனிதனின் ஒரு செயலுக்காக. முகாமில் அடைத்தது பிறப்புக்காக. இரண்டில் எது நீதிக்குப் பக்கத்தில் நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. 2022இல் நாயுடுபேட்டை நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. மாவட்டம் மாறியும், எருகுலாப் பெண்ணொருத்தி கூடை விற்க வந்தால் கதவை இழுத்துச் சாத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பூசணித் திருடன் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கதவையும் திறந்து வையுங்கள்.