கே.பி. சுந்தராம்பாள்: பாட்டும் நடிப்பும் கொட்டகையும்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908–1980) நாடக மேடைப் பாடகி, திரைப்பட நடிகை, காங்கிரஸ் பிரசாரகர், மேலவை உறுப்பினர், பிற்காலத்தில் சொந்த ஊரில் ஒரு சினிமா தியேட்டரின் முதலாளி. பிறந்தது காவிரிக் கரைக் கொடுமுடி. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா செங்கோட்டைக்காரர், அந்த வகையில் தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக்கும் இவர் வாழ்க்கைப்பட்டவர். அவர் மருமகளான காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

வறுமையான குடும்பம். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியின் குரலைத் திருச்சி ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேசய்யர் கேட்டு, மேடைக்கு வழிகாட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வேலு நாயர் கம்பெனியில் பிள்ளை வேடங்களில் தொடங்கி, பதின்ம வயதுக்குள் இலங்கை வரை போய்ப் பாடினார்.

அந்தக் காலத்து மேடையின் கணக்கு வழக்கைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் அவர் கேட்ட சம்பளம் புரியும். பாய்ஸ் கம்பெனிகளில் நடிகர்கள் மாதச் சம்பளத்துக்கு முதலாளியின் கீழ் இருந்தார்கள். ஸ்பெஷல் நாடகம் அப்படியல்ல. காண்ட்ராக்டர் கொட்டகையைப் பிடிப்பார்; வள்ளிக்கு ஓர் ஊரிலிருந்து ஆள், முருகனுக்கு இன்னோர் ஊரிலிருந்து ஆள், ஆர்மோனியத்துக்கு வேறொருவர் என்று ஒரு ராத்திரிக்குப் பேசி வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. நோட்டீசில் யார் பெயர் பெரிதோ அவருக்காகவே டிக்கெட் விற்கும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்டுகிற குரல்தான் மூலதனம். அதற்கு என்ன விலை என்பதைப் பாடுகிறவரே பேசிக்கொள்ள முடிந்தது. பெண்கள் இதை அறியாதவர்கள் அல்ல. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களே நடிக்கும் கம்பெனியைச் சொந்தமாக நடத்திக் காட்டியிருந்தார்.

1926-ஐ ஒட்டிய இலங்கைப் பயணத்தில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் ஏறினார்கள். மறு ஆண்டே திருமணம். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். வள்ளி திருமணம் நாடகத்தில் இவர்கள் இருவரும் சேர்ந்தால் கொட்டகை நிரம்பியது; கிராமபோன் தட்டுகளும் விற்றன. மேடையில் நெடுநேரம் விரிகிற பாட்டைத் தட்டின் ஒரு பக்கத்துக்கான மூன்று நிமிடத்தில் அடக்க வேண்டும். ரசிகர் கேட்கக் கேட்க நீட்டிப் பழகியவர்களுக்கு அது வேறு வித்தை. வீட்டில் நிலைமை வேறு. கொடுமுடிக்கும் செங்கோட்டைக்கும் இடையே போன சுந்தராம்பாளின் கடிதங்கள் பின்னாளில் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் பிரிவும் மனத்தாங்கலும் நிறைய. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அன்றைய நாடக உலகில் அது தொழிலுக்கே முழுக்குப் போடுவது போன்ற முடிவு. அடுத்து நடந்தது நேர்மாறு. தயாரிப்பாளர் அசன்தாஸ் 'நந்தனார்' படத்துக்கு அணுகியபோது, ஆளை விரட்டுவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம்; அவர் சரி என்றுவிட்டாராம். கதையில் எவ்வளவு மிகையோ, லட்ச ரூபாய்ச் சம்பளம் என்பது 1935-இல் ஊரெல்லாம் பேச்சானது. பவுன் முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது. நந்தனாராக அவரே ஆண் வேடம் போட்டார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார். படம் எப்படியானாலும் சுந்தராம்பாளின் விலை இறங்கவில்லை.

ஆண் நடிகரோடு ஜோடி சேர்வதில்லை என்று அவர் போட்ட நிபந்தனையே அவருக்கென்று ஒரு தனி இடத்தை ஒதுக்கித் தந்தது. 'மணிமேகலை' (1940), ஜெமினியின் 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தி அடிகள், 'திருவிளையாடல்' (1965) படத்தில் மறுபடி ஔவையார், 'காரைக்கால் அம்மையார்' (1973) என்று துறவியும் மூதாட்டியுமாகவே வந்தார். அந்த வேடங்களுக்கு வேறு ஆள் இல்லை. மொத்தப் படங்கள் ஒரு டஜனைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கருணாநிதி வசனம் எழுதிய 'பூம்புகார்' படத்தில், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் பொருளில் வந்த ஒரு வரியைப் பாட மறுத்து, அதை மாற்ற வைத்தார் என்பார்கள். பணத்தில் மட்டுமல்ல, பாட்டிலும் பேரம் பேசத் தெரிந்தவர்.

சம்பாதித்ததை என்ன செய்வது என்பதில் இவருடைய தலைமுறைப் பாடும் நடிகைகள் ஒரே வழியில் போகவில்லை. டி.பி. ராஜலட்சுமி ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் தொடங்கி 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தானே எழுதித் தயாரித்து இயக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி'யில் (1941) நாரதராக நடித்து வாங்கிய பணம் 'கல்கி' பத்திரிகைக்கு முதலாயிற்று. அடுத்து வந்த பி. பானுமதி கணவர் ராமகிருஷ்ணாவோடு பரணி பிக்சர்சைத் தொடங்கி, 'சண்டிராணி'யை (1953) தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கினார். பரணி ஸ்டூடியோவும் அவர்களுடையதே. இவர்களில் தொழிலதிபர் என்ற சொல்லுக்கு முழுக்கப் பொருந்துகிறவர் பானுமதிதான்.

சுந்தராம்பாள் படத் தயாரிப்பில் பணத்தைப் போட்டுப் பார்க்காமல், 1960களின் கடைசியில் கொடுமுடியிலேயே தன் பெயரின் முன்னெழுத்துகளோடு தியேட்டர் கட்டினார். இதை வெறும் ஊர்ப்பாசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. டூரிங் கொட்டகை என்றால் லைசென்ஸ் தவணைக்கு உட்பட்டது. கீற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வசூல் படுத்துவிடும். நிரந்தரக் கட்டடத்துக்கு முதல் போடப் பணம் வேண்டும், போட்ட பின் படம் யாருடையதாக இருந்தாலும் கல்லாவில் பங்கு உண்டு. கொட்டகைக்காரர்கள் அழைத்த ஊர்களுக்கெல்லாம் போய்ப் பாடியவர், அந்த வியாபாரத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பல வருஷம் பார்த்தவர்.

அரசியலிலும் அவர் குரல் பயன்பட்டது. காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தி, காமராஜர் ஆகியோரோடு ஊர் ஊராகப் பாடினார். சென்னை மாநில மேலவைக்கு உறுப்பினராகப் போனார். சட்டமன்ற அவைகளுக்குள் நுழைந்த முதல் இந்தியத் திரைக்கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். சின்னப்பா தேவர் தயாரித்த 'துணைவன்' (1969) பாட்டுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1970-இல் பத்மஸ்ரீ. 1975-இல் வெளியான 'திருவருள்' வரை திரையில் பாடினார்; ஐந்து வருஷம் கழித்து 1980-இல் காலமானார்.